குவே அம்மாளின் மூக்கு

குவாங் ஆன் ஏரிக்கரையில் குவே அம்மாளின் மூக்கைப் பற்றித் தெரியாத ஆள் கிடையாது. நேற்று ராத்திரி யார் பூண்டு தின்றது, யார் தலைவலிக்குத் தைலம் தடவியது, எவள் புதுச் சோப்பு மாற்றினாள் என்பதெல்லாம் வாசலில் கால் வைக்கும்போதே அந்த மூக்குக்குத் தெரிந்துவிடும். ஹனோயில் மேற்கு ஏரித் தாமரையை வைத்துத் தேயிலையை மணக்க வைக்கும் வீடுகளில் அவள் வீட்டுத் தேயிலைக்குத்தான் முதல் மரியாதை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததை அடக்கி வாசிக்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

அவளிடம் வேலை செய்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். குணம் கெட்டவள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் சோம்பேறி என்றோ ஏமாற்றுக்காரி என்றோ யாரும் சொல்ல முடியாது. தேயிலை என்பது பக்கத்தில் எதை வைத்தாலும் அதன் வாடையை வாங்கிக்கொள்கிற பண்டம். அதைக் கைக்குழந்தையைப் போலக் காக்க வேண்டும் என்பாள். சொந்த மகனை அப்படிக் காத்தாளா என்றால் இல்லை. அவன் சைகோனுக்குப் போனவன் புத்தாண்டுக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. புருஷன் நல்ல குளிர்காலத்தில் செத்துப்போனான். தாமரைக் காலத்தில் சாகாமல் இருந்தானே என்று அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு அவன்மேல் மதிப்பு உண்டு.

இந்தத் தாமரைக் காலத்துச் சாவுதான் அந்த வீட்டின் பெரிய பயம். பிணத்திலிருந்து ஒரு குளிர் கிளம்பும், அது கிட்டே போனவர் மேல் ஒட்டிக்கொள்ளும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மற்றவர்கள் சாவு வீட்டிலிருந்து திரும்பினால், தலைக்குத் தேய்க்கிற போக்கெத் காயை வாசலில் கொளுத்தி, அந்தப் புகையைத் தாண்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். குவே வீட்டுத் தேயிலை அறைக்கு அது போதாது. சாவு வீட்டுக்குப் போனவள் நாற்பத்தொன்பது நாள் அந்த நிலைப்படியை மிதிக்கக் கூடாது. அவள் மாமியார் வைத்த சட்டம் அது. மாமியாரின் மற்ற சட்டங்களையெல்லாம் குவே தூக்கிப் போட்டுவிட்டாள், இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஜூன் மாதக் காலையில் படகிலிருந்து தாமரை வந்து இறங்கி, முற்றம் முழுவதும் குவிந்து கிடந்தது. வெயில் ஏறுவதற்குள் இதழ்களை உரித்து, நடுவிலுள்ள கேசரங்களின் நுனியில் வெள்ளையாக நிற்கும் மணிகளை உதிர்த்து எடுக்க வேண்டும். தாமரை அரிசி என்பார்கள் அதை. மணமெல்லாம் அதில்தான். பெண்கள் பாயில் உட்கார்ந்து உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் லுவா இருந்தாள். ஒன்பது வருஷமாக அங்கே வேலை செய்கிறவள், முப்பது தாண்டியவள். தாய் பின் மாகாணத்துக் கடலோர உப்பளக் குடும்பம். குவே குறை சொல்லாத ஒரே கை அவளுடையது. மற்றவர்களைத் திட்டும்போது, "லுவாவைப் பாருங்கடி" என்பாள், அவ்வளவுதான்.

கைபேசியைத் தொட்ட கையால் தேயிலையைத் தொடக் கூடாது என்பதால் எல்லோருடைய பேசியும் சமையலறையில் ஒரு கூடையில் கிடக்கும். அதில் ஒன்று அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. எரிச்சலோடு குவே எடுத்தாள்.

"லுவா... ஏண்டி எடுக்க மாட்டேங்கிற... அம்மா போயிட்டாங்கடி..."

"நான் லுவா இல்லப்பா. குவே பேசுறேன்."

லுவாவின் அண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "பெரியம்மா, அம்மா விடியக்காலைல போயிட்டாங்க. மத்தியானத்துக்கு மேல பெட்டியில வச்சு மூட நேரம் குறிச்சிருக்காங்க. அதை மாத்த முடியாதுன்னு சாமியார் சொல்லிட்டார். அவளை உடனே பஸ் ஏத்தி விட்டுடுங்க. மூடுறதுக்குள்ள முகத்தைப் பாத்துடுவா."

"சரிப்பா. அனுப்பறேன்."

பேசியை அணைத்துக் கூடையின் அடியில் வைத்தாள். சமையலறை வாசலில் நின்று முற்றத்தைப் பார்த்தாள். லுவா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஜாடியில் இந்த வருஷத்தின் முதல்தரத் தேயிலை ஆறு முறை மணம் ஏறி, ஏழாவது முறைக்காகக் காத்திருந்தது. தேயிலை ஒரு அடுக்கு, தாமரை அரிசி ஒரு அடுக்கு என்று மெல்லிசாகப் பரப்ப லுவாவின் விரல் வேண்டும். இப்போது சொன்னால் அழுதுகொண்டே ஓடுவாள். ஓடினால் நாற்பத்தொன்பது நாள். அதற்குள் ஏரியில் பூவே இருக்காது.

உதிர்த்து முடிக்கட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். உதிர்த்து முடித்தார்கள். அடுக்கி முடிக்கட்டும் என்று நினைத்தாள். லுவா குனிந்து, மூச்சுக்கூடப் படாமல், அடுக்கடுக்காகப் பரப்பி ஜாடியை மூடினாள். தெரியாத சாவு ஒட்டாது, தெரிந்து கிட்டே போனால்தான் குளிர் என்று குவே தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அதற்குள் பயிற்சிக்கு வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

நகரத்திலிருந்து கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு வாரம் ஒரு முறை வகுப்பு. ஜாடித் தேயிலையெல்லாம் அவர்கள் கைக்குப் போகாது. பூவுக்குள்ளேயே தேயிலையை நிரப்பிக் கட்டுகிற எளிய வகைதான். முதலில் நுழைந்த வங்கிக்காரப் பெண்ணைக் குவேயின் மூக்கு வாசலிலேயே பிடித்தது.

"ஏம்மா, சென்ட் பாட்டில்ல விழுந்து எழுந்து வந்தியா? போ, எலுமிச்சம்பழம் இருக்கு, முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவிட்டு வா. கழுத்தையும் சேத்து."

எல்லோரும் சிரித்தார்கள். திட்டு வாங்குவதற்கென்றே காசு கொடுத்து வருகிறவர்கள் உண்டு. அந்தப் பெண்ணும் முகம் சிவந்தபடி கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

லுவா ஒவ்வொருவர் பக்கத்திலும் மண்டியிட்டுச் செய்து காட்டினாள். வெளி இதழ்களைக் கிழிக்காமல் விரித்து, நடுவில் ஒரு கரண்டித் தேயிலையைச் சரித்து, மறுபடி இதழ்களை மூடி, தாமரை இலையால் சுற்றி, மூங்கில் நாரால் கட்டி, ஒரு ராத்திரி வைத்துவிட்டால் போதும். ஒரு ஆள் பூவைக் குதறிவிட்டான்.

"பூவைத் திறக்கச் சொன்னா மாட்டுக்குப் புல்லு பிடுங்குற மாதிரி பிடுங்குறியே தம்பி," என்றாள் குவே. "உன் பொண்டாட்டி பாவம்."

நார் கட்டும் நேரத்தில் அவள் எப்போதும் ஒரு கதை சொல்வாள். அன்று சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"எனக்கு அப்போ பத்தொம்பது வயசு. இந்த வீட்டுக்கு வந்து முதல் தாமரைக் காலம். ஆத்துக்கு அந்தக் கரையில எங்கப்பா செத்துக் கிடக்கார். படகு ஏறினா உடனே போயிடலாம். யாரும் என்னைத் தடுக்கல. நானாத்தான் போகல. இந்தப் பாய்லதான் உக்காந்து பூ உதிர்த்தேன். போயிருந்தா அந்த வருஷத் தேயிலை பூரா பொணக்குளிர் ஏறி வீணாப் போயிருக்கும். தேயிலைன்னா அப்படி இருக்கணும்."

உச்சுக் கொட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். வங்கிக்காரி லுவாவிடம் திரும்பி, "நீங்களா இருந்தா என்னக்கா செய்வீங்க?" என்றாள்.

"எங்கம்மாவா?" லுவா பட்டென்று சிரித்தாள். "நான் ஓடியே போயிடுவேன்மா. தேயிலை கிடக்கு!" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பெரியம்மா காதுல விழுந்தா தொலைஞ்சேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. லுவா கட்டிக்கொண்டே சொன்னாள். "ஒன்பது வருஷமா இதைத்தான் செய்யறேன், எங்கம்மா இதை ஒரு வாய் குடிச்சதில்ல. உப்புல ஊறின நாக்குக்கு இதெல்லாம் எதுக்குடின்னு கேக்கும். இந்தத் தடவை சீசன் முடிஞ்சதும் கையோட கொண்டுபோய்க் குடிக்க வச்சிடணும்."

குவேயின் காதில் எல்லாம் விழுந்தது. அப்போதும் உச்சிப்பொழுது ஆகவில்லை. அப்போது லுவா எழுந்து ஓடியிருந்தால்கூட, பெட்டி மூடுவதற்குள் போய்ச் சேர ஒரு பஸ் கிடைத்திருக்கும்.

"கதையை விட்டுட்டு நாரைக் கட்டுடி," என்றாள் குவே.

வந்தவர்கள் தாமரை விதைப் பாயசம் குடித்து, படம் எடுத்து, கட்டிய பூவை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். லுவா கிண்ணங்களைக் கழுவி அடுக்கும் வரை குவே பொறுத்திருந்தாள்.

"உங்கண்ணன் கூப்பிட்டான். அம்மாவுக்கு முடியலையாம். ஒரு நடை போயிட்டு வா."

"எப்ப பெரியம்மா கூப்பிட்டாரு?"

"இப்பத்தான்."

லுவா ஈரக் கையோடு ஓடினாள். முகம் துடைக்கிற துண்டு அவள் தோளிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் விடிகாலையில் அவள் திரும்பி வந்தாள். நெற்றியில் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைத் துணி. முற்றத்துப் பெண்களின் கைகள் அப்படியே நின்றன. சலித்து உலர்த்திய ஏழாம் சுற்றுத் தேயிலை, ஜாடி திறந்து, பொட்டலம் கட்டுவதற்குத் தயாராக இருந்தது. குவே நிலைப்படியில் கையை விரித்து நின்றாள்.

"நில்லு! அங்கயே நில்லு! புகை தாண்டினியா?"

"தாண்டல."

"குளிரோட வந்து நிக்கறியே, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

லுவா கத்தவில்லை. "அண்ணன் காலைலயே சொன்னாராம். நீங்க 'சரிப்பா, அனுப்பறேன்'னு சொன்னீங்களாம்."

"வேலை இருந்துச்சு."

"நான் போய்ச் சேர்றப்போ ஆணி அடிச்சு முடிச்சிருந்தாங்க. பெட்டி மேலதான் கையை வச்சு அழுதேன் பெரியம்மா. ராத்திரி பூரா வச்சிருந்தேன். இந்தக் கையைத்தான்."

சொல்லிக்கொண்டே குவேயைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். இரண்டு கைகளையும் முழங்கை வரை ஜாடிக்குள் விட்டாள். கிளறவில்லை. அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். பெண்களெல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

வெகுநேரம் கழித்து லுவா கையை எடுத்தாள். "இப்போ போட்டுக் குடிங்க. குளிர் ஏறியிருக்கான்னு உங்க மூக்குக்குத் தெரியாதா?"

அத்தனை பேர் பார்க்க, மூக்கைப் பற்றிய பேச்சு. குவேயால் மறுக்க முடியவில்லை. கெண்டியைச் சுடவைத்தாள், தேயிலையை இட்டாள், கொதி அடங்கிய நீரை ஊற்றினாள். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள்.

முதலில் பூ வந்தது. பிறகு தேயிலையின் கசப்பு. பிறகு தொண்டையில் ஒரு இனிப்பு, இறங்க மறுத்து நின்றது. இரண்டாம் கோப்பையை ஊற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். மூன்றாம் கோப்பை. அவள் ஆயுசில் இப்படி ஒரு தேயிலை அமைந்ததில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நிம்மதி வந்திருக்கும். குவேக்கு வரவில்லை. கெட்டுப் போயிருக்க வேண்டும், எங்காவது ஒரு மூலையிலாவது கெட்டிருக்க வேண்டும் என்று கோப்பைக்கு மேல் கோப்பையாகக் குடித்தாள். கெடவில்லை என்றால், அன்று ஆற்றங்கரையில் படகு சும்மாதான் நின்றிருக்கிறது. அவள் ஏறிப் போயிருக்கலாம். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, இதே பூவை உதிர்த்திருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது. பத்தொன்பது வயதில் செய்த அந்தக் காரியத்தை வைத்துத்தான் அவள் அந்த வீட்டில் பெரியவளானாள், மற்றவர்களை ஆட்டிப் படைத்தாள், நேற்று முன்தினம் ஒரு பேசியைக் கூடையின் அடியில் வைத்தாள். அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். அவருடைய காது மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"எப்படி இருக்கு பெரியம்மா?" என்றாள் லுவா.

குவே கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"நாறுது," என்றாள். "பொண வாடை. மொத்தமும் போச்சு. உன்னாலதான்டி."

சொன்னதோடு விடவில்லை. அறுபது வயதுக்கு மேலான உடம்பு, ஜாடியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி ஏரிப்படியில் இறங்கினாள். எல்லோரும் பின்னால் வந்தார்கள். தண்ணீரில் கவிழ்த்தாள்.

தேயிலை தண்ணீரில் விரிந்ததும் மணம் எழுந்தது. கரை முழுவதும் ஏறியது. தூரத்தில் படகில் பூப்பறித்துக்கொண்டிருந்தவன் துடுப்பை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தான். படியில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் மூக்கு இருந்தது. தங்கள் கால்விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூலி அவளிடம்தானே வாங்க வேண்டும். லுவா மட்டும் மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள். நெற்றித் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். பிறகு அவள் வரவில்லை.

அடுத்த வகுப்பில் குவே புதுக்கதை சொன்னாள். "ஒருத்தி சாவு வீட்லேர்ந்து நேரா வந்து ஜாடியில கையை விட்டா. அவ்வளவுதான், ஒரு ஜாடி முதல்தரம் ஏரிக்குப் போச்சு." எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். வங்கிக்காரி இந்த முறை புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வாசனை எதுவும் பூசவில்லை, நகம்கூட வெட்டியிருந்தாள்.

"பெரியம்மா, போன தடவை உங்கப்பா கதை சொன்னீங்களே, சாவுக்கே போகலன்னு. இவர்கிட்ட சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். அதைச் சொல்லுங்க."

குவே நாரை முடிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு சொன்னா போகலன்னு?" என்றாள். "போனேன்மா. படகு ஏறிப் போய் முகம் பாத்துட்டுத்தான் வந்தேன்."

முற்றத்தில் பூ உதிர்த்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கி ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்ன பார்வை?" என்று அங்கிருந்தே அதட்டினாள் குவே. "வெயில் ஏறுது. உதிருங்கடி."