நாற்பத்தொரு தண்ணீர் பாட்டில்கள்

இருபது வருடங்களுக்கு மேல் இருக்கும். அப்போது நாங்கள் சித்தூரில் இருந்தோம். வீட்டுக்கு ஒருவர் பெங்களூருக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். தெருவுக்குத் தெரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிகள் முளைத்தன. அப்படி ஒரு சின்னப் பள்ளியில் என் மகள் நான்காம் வகுப்பு படித்தாள். நான் மாம்பழக் கூழ் ஃபாக்டரி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். காலையில் எத்தனை டின், மாலையில் எத்தனை டின் என்று எண்ணுவதுதான் என் பிழைப்பு.

அதற்கு முந்தைய வருடம் பள்ளிச் சுற்றுலாவில் மகள் புது ஸ்வெட்டரைத் தொலைத்துவிட்டு வந்தாள். பள்ளிக்குப் போய்ச் சண்டையே போட்டேன். வகுப்பு டீச்சருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, புத்தூர் பக்கத்துப் பெண். எல்லோர் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்டார். அந்த வருடம் சுற்றுலா அறிவிப்போடு தெலுங்கில் ஒரு தாளும் வந்தது. பொருட்கள் தொலைந்தால் பள்ளி பொறுப்பல்ல, பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். மறுபடியும் போய் நின்றேன். அழைத்துப் போகிறவர்களுக்குப் பொறுப்பில்லை என்றால் பிறகு யாருக்கு என்று கேட்டேன். பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு வருஷமா பொறுப்பு பொறுப்புன்னு கேட்டுக்கினே இருக்கீங்க. இந்த வாட்டி நீங்களே கூட வாங்க சார். பொறுப்பு எடுத்துக்கினு பாருங்க."

வருகிறேன் என்றேன். ஃபாக்டரியில் லீவு சொல்லிவிட்டு, முதல் நாளே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.

காலையில் பஸ் கிளம்பும் முன் நாற்பத்தொரு பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, யார் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டேன். பை, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், தொப்பி. அரை மணி நேரம் ஆனது. "நைனா, போதும் நைனா" என்று என் மகள் வெட்கத்தில் நெளிந்தாள்.

திருப்பதி ஜூவுக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்தில் என் நோட்டின் மானம் போய்விட்டது. ஒருவன் தன் பெயர் எழுதிய தொப்பியையே தன்னுடையது இல்லை என்று சாதித்தான். எந்த டப்பாவுக்கும் பொருந்தாத ஒரு மூடி என் கைக்கு வந்தது. ஒரு பெண் இரண்டு பாட்டில் வைத்திருந்தாள். இரண்டுமே அவளுடையது இல்லை. புலியைப் பார்த்தேனா என்று கேட்டால் இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. குனிந்து குனிந்து பாட்டில் பொறுக்கியதுதான் ஞாபகம் இருக்கிறது.

கூட வந்த அதே புத்தூர் டீச்சரோ ஒரு பையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாய்க்குள் எண்ணிக்கொண்டே பிள்ளைகளைச் சுற்றி வந்தார், அவ்வளவுதான். இதற்கா சம்பளம் என்று எனக்குள் எரிந்தது.

மதியத்துக்குமேல் சந்திரகிரிக் கோட்டைக்கு வந்தோம். அங்கிருந்த குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி மரத்தடியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். கோட்டையைச் சுற்றிக் காட்டிவிட்டுப் புறப்படும் நேரத்தில் பஸ் வாசலில் நோட்டோடு நின்றேன். ஒல்லியான ஒரு பெண்ணின் பாட்டிலில் மூடி இல்லை. நாளெல்லாம் சேர்ந்த எரிச்சல் அந்தப் பிள்ளைமேல் இறங்கியது.

"மூடி எங்க?"

"தெர்ல அங்கிள்."

"தெரியாம எப்டி போவும்? போய் தேடிக்கினு வா. மூடி இல்லாம பஸ் ஏறக்கூடாது."

அவள் பையையும் பாட்டிலையும் வாசல் பக்கத்துச் சீட்டில் வைத்துவிட்டுப் போனாள். நான் அடுத்த பிள்ளையின் பையைத் திறக்கச் சொன்னேன். அதோடு அவளை மறந்தேன்.

டிரைவர் இஞ்சினைக் கிளப்பிவிட்டார். டீச்சர் சீட்டு சீட்டாக எண்ணிக்கொண்டு பின்னால் வரை போனார். திரும்பவும் எண்ணினார். முகம் வெளுத்துவிட்டது.

"பஸ்ஸ நிறுத்துங்க. ஒண்ணு குறையுது."

நான் நோட்டை நீட்டினேன். "எல்லாம் டிக் பண்ணிட்டேன் டீச்சர். நாப்பத்தொரு பையும் ஏறிடுச்சி."

"பை ஏறிடுச்சி சார். புள்ள எங்க?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "மூடி தேட..." என்று மதியம் சாப்பிட்ட குளத்துப் பக்கம் கை காட்டினேன். டிரைவரிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டீச்சர் ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

அவள் குளத்தின் கடைசிப் படியில் குந்தியிருந்தாள். படி முழுக்கப் பாசி. ஒரு கையில் குச்சி. எட்டாத தூரத்தில் மிதந்துகொண்டிருந்த மூடியை நோக்கிச் சாய்ந்திருந்தாள். நான் கத்த வாயெடுத்தேன். டீச்சர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி அடக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓசையில்லாமல் இறங்கி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். பிறகுதான் பேசினார்.

"மூடி போனா போவுது. வாம்மா."

"எங்கம்மா குவைத்லேர்ந்து அனுப்பிச்ச பாட்டில் டீச்சர். அங்கிள் வேற திட்டுவாரு."

பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கினேன். இரண்டே எட்டில் மார்புவரை வந்துவிட்டது. எனக்கே மார்புவரை. அந்தக் குழந்தை என் மார்பு உயரம்கூட இருக்கமாட்டாள். மூடியை எடுத்துக்கொண்டு மேலே வந்து அவள் கையில் கொடுத்தேன்.

சித்தூர் வரும்வரை டீச்சர் அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை அவர் மடியில் தூங்கிவிட்டாள். பள்ளியிலிருந்து அவளை அவள் சித்தி வீட்டில் நானே கொண்டுபோய் விட்டேன். கதவைத் திறந்ததும் சித்தி கேட்ட முதல் கேள்வி, "பாட்டில் பத்திரமா இருக்குதா? அவங்கம்மா போன்ல கேப்பா."

இருக்கிறது என்றேன். அப்படியே திரும்பி வந்திருக்கலாம். முடியவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சித்தி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு மூடிக்கா சார் புள்ளைய தண்ணிக்குப் பக்கத்துல அனுப்பினீங்க?"

மறுநாள் கரஸ்பாண்டென்ட் அறையில் அதையே இன்னொரு முறை சொன்னேன். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன், ஸ்வெட்டருக்கும் சேர்த்து. அவர் சிரிக்கவுமில்லை, பரவாயில்லை என்று சொல்லவுமில்லை. "நைட்டு எனக்கு தூக்கமே வரல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

பிள்ளைகள் பொருளைத் தொலைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது; ஆனால் யார் பொறுப்பு என்று குரலை உயர்த்தும் முன், அந்தக் குரலுக்குப் பயந்து ஒரு குழந்தை எந்தப் படியில் போய் இறங்கும் என்ற நினைப்பு வந்து என் வாயை அடைத்துவிடுகிறது.