பார்க்காத படத்தின் முடிவு

சினிமாப் பாட்டுப் புத்தகத்தின் ரோஸ் தாளில் ஒரு மண்ணெண்ணெய் வாடை இருக்கும். வியர்த்த கையால் பிடித்தால் கதாநாயகியின் முகம் பாதி என் கட்டைவிரலுக்கு வந்துவிடும். அறுபதுகளின் கடைசியில், சேலையூரில் எங்கள் தெருவில் அந்தப் புத்தகத்துக்கு இருந்த மதிப்பு எனக்கும் இருந்தது. பத்து வயதுதான், ஆனாலும் தாம்பரத்துக் 'கொட்டாய்'க்குப் புதுப்படம் வந்தால் தெருப் பெண்கள் என்னைக் கேட்காமல் கிளம்ப மாட்டார்கள். இரட்டையர் கதையா, இரண்டாவது ஆள் வந்ததும் எழுந்து முறுக்கு வாங்கப் போகலாம் என்பேன். புராணப் படத்தில் சாமி தோன்றுவதற்குள் புகை தீர்ந்துவிட்டது என்பேன். சண்டைப் படத்தில் வில்லனின் சட்டை ஒன்றுதான் தேறும் என்பேன். கீரைக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னா பாப்பா, இந்தப் படம் நல்லாக்கீதா?" என்று கேட்டபிறகுதான் கீரைக்கட்டை எடுத்துக் கொடுப்பார். தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

இந்த மவுசுக்கு ஆண்டுக்கு நாற்பது நாள் சோதனை வரும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் எங்கள் வீட்டில் கறி கிடையாது, சினிமாவும் கிடையாது. பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா, "நாப்பது நாள் ஆசையை அடக்கத் தெரியாதவன் வேற எதைத்தான் அடக்கப் போறான்?" என்பார். ஈஸ்டருக்கு மறுநாள் குடும்பத்தோடு முதல் ஆட்டம் போவோம். அந்த ஒரு படத்துக்காகவே நாற்பது நாளும் நல்ல பிள்ளையாக இருப்பேன்.

அந்த வருஷம் லெந்து நடுவில் எதிர்வீட்டு சரோஜா அக்கா வந்து ஒரு படத்தைப் பற்றிக் கேட்டார். ரயில்வே குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டு புதிதாக வந்தவர். கணவர் கூட்டிப்போவது மாதத்துக்கு ஒரு படம்தான். "முடிவு சந்தோஷமாத்தானே இருக்கும்? எனக்கு அழுகைப் படம் ஆகாதுடி."

பார்க்கவில்லை என்று சொல்ல என் கௌரவம் விடவில்லை. தோழியிடம் இரவல் வாங்கிய பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் படித்திருந்தேன். ஆனால் எல்லாப் பாட்டுப் புத்தகங்களையும்போல அதுவும் பாதிக் கதையில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கைவிரித்திருந்தது. மீதியை நானே முடித்துவைத்தேன். "கல்யாணத்துல முடியுதுக்கா, தைரியமாப் போங்க."

கதாநாயகி செத்துப்போனாள். மறுநாள் காலையில், அப்பா வாசலில் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போதே சரோஜா அக்கா வீங்கிய கண்களோடு வந்து, "ஏன்டி, கல்யாணத்துல முடியும்னியே!" என்று போட்டு உடைத்துவிட்டார்.

அப்பா ரேசரை இறக்கினார். "லெந்து நாள்ல நீ எப்போ படம் பார்த்தே?"

பார்த்தேன் என்றால் விரதம் கெட்டது. பார்க்கவில்லை என்றால் அக்காவிடம் சொன்னது பொய். எப்படிப் பார்த்தாலும் ஈஸ்டர் படம் போச்சு. "பார்க்கலப்பா, புக்குல பாதிக் கதைதான் இருந்துச்சு" என்று ஓவென்று அழுதேன். அப்பா முகத்தில் முதலில் நிம்மதி, அப்புறம் கோபம், கடைசியில் சோப்பு நுரைக்குள் ஒரு சிரிப்பு. சரோஜா அக்கா பதறிப்போய், "திட்டாதீங்க சார், அழுதாலும் படம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"ஈஸ்டருக்குப் படம் உண்டு. ஆனா அதைப் பத்தி ஒரு வாரத்துக்கு யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது" என்று தீர்ப்பானது.

அதற்குக் கொட்டாய்க்கே போகாமல் இருந்திருக்கலாம். வயிறு வலிக்கச் சிரித்த படம். திரும்பி நடக்கும்போதே நாக்கு அரித்தது. கீரைக்காரம்மா கேட்டபோது உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது அப்பாவே மெதுவாக ஆரம்பித்தார்: "அந்த மாமனார் கொஞ்சம் ஓவர் ஆக்டிங் இல்ல?" நான் அம்மாவைப் பார்த்தேன். "சரி, சொல்லித் தொலை. எனக்கும் பேச ஆள் வேணாமா?" என்றார் அப்பா. தட்டில் ரசம் ஆறும்வரை பேசினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை.

இன்று கொட்டாய் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். பாட்டுப் புத்தகமும் போயிற்று, என்னை நம்பிக் கிளம்பியவர்களும் போனார்கள். போன வாரம் கைப்பேசியிலேயே மூன்று படம் பார்த்தேன். ஒன்று முழுக்க இருட்டு. ஒன்று கதையை இரண்டாம் பாகத்துக்கு ஒத்திவைத்துவிட்டது. மூன்றாவது நிஜமாகவே நல்ல படம். அது முடிந்ததும், அப்பா காலமாகிப் பல வருஷமானதை மறந்து, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.