பரீதாவின் எண்ணெய்ப் பாலம்

பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்த அப்துல் லத்தீப்பின் மகள் பரீதா, பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்து மதராஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தபோது ஊரே வாயைப் பிளந்தது. எழுபத்தொன்பதில் அவள் பெட்டியோடு திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோதும் பிளந்தது. காரணம் கேட்டவர்களிடம் அவள் ஒரு பெயரை மட்டும் சொன்னாள்: மாசிலாமணி.

மாசிலாமணி அந்தக் கூடத்தின் தலைவர். அங்கே பரீதாவுக்குக் கொடுத்த வேலை பார்வைக்குச் சின்னது. மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி. நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் இரண்டையும் பற்றிக்கொண்டு குட்டைத் தூண்போல் நிற்கும். திரவப் பாலம் என்று அதற்குப் பெயர். ஒரு கம்பியைச் சூடாக்கினால் எண்ணெய் உள்ளுக்குள் சுழலும். படிகம் வளர்ப்பவர்களுக்கு அந்தச் சுழற்சிதான் தலைவலி. உருகிய பொருள் சுழன்றால் படிகத்தில் வரிவரியாகக் குறை விழும். சூடான திரவம் இலேசாகி மேலே ஏறுவதால்தான் எல்லாம் சுழல்கிறது, எடையே இல்லாத விண்வெளியில் அடங்கிவிடும் என்று மாசிலாமணி அடித்துப் பேசுவார்.

பரீதா மேல் கம்பியைச் சூடாக்கிப் பார்த்தாள். சூடான எண்ணெய் ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது. இன்னும் ஏற இடமில்லை, அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை. எண்ணெயில் கலந்த அலுமினியத் துகள்கள் தூணின் வெளிப்புறத்தை ஒட்டி விறுவிறுவென்று கீழே இறங்கி, நடுவழியாக மேலே திரும்பின. சூடான பக்கத்தில் மேற்பரப்பின் இழுவை தளர்ந்துபோக, குளிர்ந்த பக்கம் அதை இழுத்துக்கொள்கிறது. இதற்கு எடை எதற்கு?

"சார், எடை போனாலும் இந்த ஓட்டம் போகாது" என்றாள்.

கூடத்திலிருந்து வெளிவரவிருந்த கட்டுரையில் அந்தப் பகுதியையும் அவள் பெயரையும் சேர்த்தே அவர் அடித்தார். எதிர்த்துக் கேட்டதற்கு வேலையும் போனது. அதைக்கூடத் தாங்கியிருப்பாள். "மீன் வாடையோட வந்தவங்களுக்கு இவ்ளோ வாயா?" என்று எல்லார் முன்னாலும் அவர் சிரித்ததைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

ஊரில் பள்ளிக்கூடத்து டீச்சரானாள். ஊருக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால் பிள்ளைகள் கை தட்டுவார்கள். பரீதா மட்டும், அந்த ஆளின் எண்ணெயும் ஒருநாள் இப்படி மேலே போகட்டும், போய் அவரைக் கவிழ்க்கட்டும் என்று வேண்டிக்கொள்வாள்.

"அல்லாகிட்ட விட்டுடும்மா" என்பாள் உம்மா கைருன் பீவி.

"அல்லா பாத்துப்பான் உம்மா. நானும் பாக்கணும்."

எண்பத்து நாலில் அது நடந்தது. மதராஸ் கூடத்தில் கருவி செய்யும் தானியேல், முகம் வாடி அவள் வீட்டுக்கு வந்தான். மாசிலாமணியின் பரிசோதனை வெளிநாட்டு ராக்கெட் ஒன்றில் போய் வந்திருந்தது. எடையற்ற சில நிமிஷங்களில் எடுத்த படத்தில் துகள்கள் நிற்கவே இல்லை.

"கருவி ஆடிச்சுன்னு என் தலையில கட்டுறாருக்கா. கமிட்டி கூடப்போவுது. என் வேலை போயிடும். நீங்க வந்து சொல்லுங்கக்கா."

பரீதாவின் நெஞ்சு இனித்தது. அழுதுகொண்டு நின்றவன் எதிரில் அப்படி இனித்ததற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

"அவரை இங்க வரச் சொல்லு" என்றாள்.

கமிட்டிக்கு விளக்கம் சொல்ல வேறு வழியில்லாமல் மாசிலாமணி வந்தார். வாப்பா நாற்காலியை வீட்டுக் கூடத்தில் போடப் போனார். பரீதா அதை வாங்கிக்கொண்டுபோய் இறால் கொட்டகையில் போட்டாள். ஐஸ் தண்ணீர் காலடியில் ஓட, பெண்கள் இறால் தலை கிள்ளிக்கொண்டிருக்க, அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா சார், வாடையா?" என்று கேட்டாள்.

இரண்டு செப்புக் கம்பிகளுக்கு நடுவே தேங்காயெண்ணெய்ச் சொட்டு ஒன்றை நிறுத்தி, படகுக்குப் பூசும் வெள்ளிப் பொடியில் துளி கலந்து, மேல் கம்பியை விளக்கில் காட்டினாள். பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள். அதே ஓட்டத்தை அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் செத்திருந்தது.

"உன் பேரையும் போட்டுடறேம்மா."

"பேரு அப்புறம். கமிட்டி முன்னாடி நின்னு சொல்லணும். பரீதா அப்பவே சொன்னா, நான்தான் அடிச்சேன்னு. தானியேல் மேல குத்தமில்லன்னு. அப்பதான் மேல போன எண்ணெய் ஏன் நிக்கலன்னு கணக்கெல்லாம் போட்டுத் தருவேன்."

கமிட்டியில் அவர் எழுந்து முணுமுணுத்தார். கடைசி வரிசையிலிருந்து பரீதா, "காதுல விழல சார்" என்றாள். அவர் மறுபடி, உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தானியேல் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வேலை பிழைத்தது.

கமிட்டிக்காரர்கள் பரீதாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். போகமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். போனாள். மாசிலாமணியின் அறைக்கு நேர் எதிரே மேஜை கேட்டு வாங்கிக்கொண்டாள். தினமும் அவர் கதவைத் திறந்ததும் முதலில் தெரிவது அவள் முகம். வணக்கம் சொல்வாள், ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

"இன்னுமா ஆத்திரம் தீரல? மனுசன் நொந்துட்டாரு" என்று விடுமுறைக்கு வந்தவளிடம் உம்மா கேட்டாள்.

"நொந்தாரு. மன்னிப்பு கேக்கலியே."

அவர் கடைசிவரை கேட்கவில்லை. ஓய்வு பெற்ற நாளில் ஆளுக்கு நாலு நல்ல வார்த்தை பேசினார்கள். பரீதாவின் முறை வந்தது. "எனக்கு ஒண்ணும் தோணல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கொடுத்த பஜ்ஜியை நிதானமாகத் தின்று முடித்து, கை கழுவிக்கொண்டு, ஊருக்குப் போகப் பொன்னேரி ரயிலைப் பிடிக்கக் கிளம்பினாள்.