தொண்ணூற்றைந்து ஆக்டேனும் ஒரு துண்டும்

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: நான் வடிகட்டின முட்டாள். வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருந்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். வீடியோ பார்த்துக் கொஞ்சம் தெரிந்துகொண்டதுதான் வினை.

குன்னத்துக்குப் பக்கத்தில் என் மச்சினன் மக்காச்சோளக் கதிரை ஒடித்துக் களத்தில் குவித்து வைத்திருந்தான். வானம் மூடிக்கொண்டு நின்றது. மழைக்கு முன்னால் அடித்து மூட்டை கட்டாவிட்டால் அவ்வளவும் முளைத்துப்போகும். கதிரடிக்கிற மிஷின் அரும்பாவூரில் சும்மா நின்றது. இழுத்து வரத்தான் டிராக்டர் கிடைக்கவில்லை.

"டிராக்டர் எதுக்கு மாப்ள? நம்ம பிக்கப் இருக்குல்ல" என்றேன் போனில்.

"அது பெட்ரோல் வண்டியாச்சே மாமா."

அந்த 'ஆச்சே' என் ரோஷத்தைக் கிளப்பிவிட்டது.

அரும்பாவூர் போய்ப் பார்த்தால், மிஷினை வண்டியோடு கோக்கிற பின்னைக் காணோம். கைக்குக் கிடைத்த கம்பியைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பெரம்பலூரைத் தாண்டி ஒரு மேடு ஏறும்போது ஆரம்பித்தது: டக், டக், டக். வேறு யாராவதாக இருந்தால் இறங்கிப் பார்த்திருப்பார்கள். நான் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். பாரம் இழுக்கும்போது எஞ்சின் தட்டினால் பெட்ரோலில் ஆக்டேன் போதவில்லை என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தாரே.

மிஷினைப் புளியமரத்தடியில் கழற்றி விட்டுவிட்டுப் பெரம்பலூருக்குத் திரும்பினேன். பாதி வழியில் போன்.

"எங்க மாமா வரீங்க? தூறல் போடுற மாதிரி இருக்கு."

"வந்துட்டே இருக்கேன் மாப்ள" என்றேன். வண்டி என்னவோ எதிர்ப்பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

வீடியோக்காரர் சொன்ன தொண்ணூற்றைந்து ஆக்டேன் உசத்தி பெட்ரோல் முதல் பங்கில் இல்லை. அடுத்ததில் இருந்தது. பெட்ரோல் போடும் பெண் வண்டியை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தாள்.

"இந்த வண்டிக்காங்க சார்?"

"வெயிட்டு இழுக்குதும்மா."

"உள்ள சாதா பெட்ரோல் கெடக்குமே?"

"பரவால்ல, ரொப்பு."

திரும்பி வரும்போது சத்தமே இல்லை. எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்து, வீடியோக்காரருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடும் போட்டேன். பின்னால் இழுக்க ஒன்றுமே இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

புளியமரத்தடியில் மிஷினை மாட்டி நகர்த்தினேன். டக்.

இனிமேல் பெட்ரோல்மேல் பழி போட வழியில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தால், பின் போடுகிற ஓட்டை பெரிசு, நான் செருகிய கம்பி சிறிசு. மேடு பள்ளத்தில் அது ஓட்டைக்குள் ஆடி ஆடி இடித்திருக்கிறது. தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் கம்பியைச் சுற்றி அடைத்தேன். சத்தம் நின்றது. வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பிற்பாடுதான் புரட்டினேன். சாதா பெட்ரோலே போதும் என்று போட்டிருந்தது. உசத்தி பெட்ரோல் எஞ்சின் தட்டாமல் காக்குமாம், அவ்வளவுதான். இல்லாத பலத்தை எங்கிருந்து கொண்டுவரும்?

களத்துக்குப் போய்ச் சேரவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. மச்சினன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கதிர்க் குவியல்மேல் தார்ப்பாயை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தான். காற்று மறுமுனையைத் தூக்கித் தூக்கி அடித்தது. நான் ஓடினேன், வாய் எனக்கு முன்னால் ஓடியது.

"மாப்ள, லேட்டானதுக்குக் காரணம் இருக்கு. ஆக்டேன்னு ஒண்ணு இருக்கு பாரு, அது வந்து..."

"அந்த முனையைப் புடிங்க மாமா."