பேதி உப்பும் மஞ்சள் வரிகளும்

மூச்சை அடக்கிக்கொண்டு யேசுரட்ணம் கண்ணாடிச் சில்லுகளைக் குனிந்து பார்க்கிறார். பிறர் நெஞ்சில் குழாய் வைத்து "நல்லா இழுத்து மூச்சு விடுங்க" என்று வாரம் முழுவதும் சொல்பவர், ஞாயிறு பிற்பகலில் மட்டும் மூச்சை எதிரியாக நினைக்கிறார்.

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அவர். பேதிக்குக் கொடுக்கும் ரோஷல் உப்பைக் கரைத்து, ஊறுகாய்ப் போத்தலில் மூன்று மாதம் வளர்த்து, பெருவிரல் பருமனில் ஒரு படிகம் எடுத்தார். நனைந்த நூலால் அறுத்து அதைச் சிறு தூணாக்கினார். இரு பக்கமும் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள். அதிலிருந்து கம்பிகள் அடுத்த அறையிலுள்ள மின்விசைக்கும் ரேடியோ பற்றரிக்கும் போகின்றன.

தூணின் தலையில் ஒரு கண்ணாடிச் சில்லு. அதன்மேல் தொட்டும் தொடாமலும், தனித் தாங்கியில் இன்னொன்று. திரியில் கறியுப்புத் தூவிய ஸ்பிரிட் விளக்கின் ஒளி பட்டதும், நடுவே மஞ்சளும் கறுப்புமாக வரிகள் தெரியும். மின்சாரம் ஏறினால் படிகம் நீளவேண்டும். நீண்டால் வரி நகரவேண்டும். நீள்வதோ, தலைமயிரை இருநூறாக வகிர்ந்ததில் ஒரு பங்கு.

"வகுத்தக் கலக்குற உப்பு வெளிச்சத்தயும் கலக்குதாங்க ஐயா?" என்றாள் மருந்துக்கு வந்த பேச்சியம்மா.

"கலக்குனா ஒனக்குத்தாம்மா மொதல்ல ஆள் அனுப்புவேன்" என்றார், சிரிக்காமல்.

சென்ற ஞாயிறு, "நகந்துருச்சு!" என்று கத்தினார். அடுத்த அறையில் விசையருகே இருந்த மனைவி சுகிர்தம், "நான் இன்னும் கையே வைக்கலைங்களே" என்றார். வரியை நகர்த்தியது யேசுரட்ணத்தின் மூச்சுச் சூடு.

இன்று விட்டால் இல்லை. மழை பிடித்தால் படிகம் ஈரம் குடித்து மங்கிவிடும். தரையை நடுக்கும், கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரின் உருளைகள் ஓய்ந்துவிட்டன. மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டியிருக்கிறார். அண்டை வீட்டிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த நான் சுவரோரம் அசையாமல் நிற்கிறேன். சுகிர்தம் எப்போது அழுத்துவார் என்று அவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

வரிகளிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் காத்திருக்கிறார்.

"இப்ப அழுத்துன."

"ஆமாங்க."

"இப்ப வுட்டுட்ட."

"ஆமாங்க."

பத்து முறை, ஒன்றும் பிசகவில்லை. ஆறாவதிலேயே சுகிர்தத்தின் குரல் ஜெபவேளைக்குரிய அளவுக்கு இறங்கிவிட்டது. பிறகு நானும் பார்த்தேன். யாரும் தொடாமலே ஒரு கறுப்பு வரி எழுந்து, பக்கத்து வரியின் இடத்தில் போய் அமர்ந்தது. எதிர்மலை நகர்ந்திருந்தால்கூட இவ்வளவு ஆடிப்போயிருக்கமாட்டேன்.

யேசுரட்ணம் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். சுகிர்தத்தை அழைத்துவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்தார். கைக்குட்டையை அவிழ்த்து, காயத்துக்குக் கட்டுப்போடும் கவனத்தோடு மனைவியின் மூக்கைச் சுற்றிக் கட்டிவிட்டு, விசையருகே போய் நின்றார்.