இலைப் பாட்டும் என் கல்யாணமும்

எங்கள் செஞ்சியில் ஒரு பாட்டு உண்டு. அது எந்த நாடகத்தில் வந்தது, யார் எழுதியது என்று கேட்டால் ஊரில் பாதிப்பேர் முழிப்பார்கள். 'இலைப் பாட்டு' என்று சொல்லிப் பாருங்கள், பேச்சை நிறுத்திவிட்டுக் கைகழுவப் போய்விடுவார்கள்.

உண்மையில் அது அழுகைப் பாட்டு. காட்டில் புருஷனைத் தொலைத்த ராணி ஒருத்தி, மரத்து இலைகளைக் கூப்பிட்டு, 'இலையே, நீ பார்த்தாயா' என்று கேட்டுக் கேட்டு அழுவாள். நாடகக் கம்பெனி நடிகை பாடிய கிராமபோன் பிளேட்டுதான் முதலில் வந்தது. பாதி தொண்டை, பாதி மூக்கு. பின்னாலேயே ஆர்மோனியம் மூச்சிரைக்க ஓடி வரும். முடிகிற இடத்தில் ஆர்மோனியக்காரர் தாங்கமாட்டாமல் 'சபாஷ்!' என்று கத்துவார். ராணிக்குப் புருஷன் கிடைக்காததில் அவருக்கு என்ன சந்தோஷமோ.

குழாய், பேட்டரி, பிளேட்டு சுற்றும் பெட்டி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கல்யாணம் போகிறவரை நாங்கள் ரேடியோ செட்டுக்காரர் என்போம். ஊருக்கு ஒருவர்தான். அவர் அந்தப் பிளேட்டை சிங்கவரத்துக் கல்யாணம் ஒன்றுக்கு எடுத்துப்போனபோது, மாட்டுவண்டி குலுக்கியதில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. போட்டால், ராணி 'இலையே, இலையே, இலையே' என்று அங்கேயே நின்றுவிட்டாள். பரிமாறுகிறவர்கள், "இதோ போட்டுட்டோம்மா, கத்தாத!" என்று அவசரமாக வாழை இலையைப் போட்டார்கள். சனம் சிரித்துக்கொண்டே பந்தியில் உட்கார்ந்தது.

அடுத்த கல்யாணத்தில் வேண்டுமென்றே போட்டார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. தாலி ஏறியதும் இலைப் பாட்டு, பாட்டு கேட்டதும் பந்தி. வாயால் யாராவது "சாப்பிட வாங்க" என்றால், "இன்னா, பாட்டே போடல, அதுக்குள்ள கூப்புடறான்?" என்று சந்தேகமாகப் பார்த்தார்கள்.

உலக யுத்த காலத்தில் அந்தப் பிளேட்டு தேய்ந்து, ராணிக்குக் கபம் கட்டிக்கொண்டது. அதற்குப் பதில் கிடைத்தது, அதே பாட்டை ஒரு சங்கீத வித்வான் பாடிய பிளேட்டு. உச்சரிப்பெல்லாம் சுத்தம். ஆனால் 'இலையே' என்ற சொல் வருமுன் 'ஆ' என்று ஆரம்பித்து மலைக்கோட்டையில் ஏறி இறங்கிவிட்டுத்தான் வருவார். "இவரு இலை போடறதுக்குள்ள சாம்பார் ஆறிடும்" என்றார் என் பெரியப்பா. ஆகவே சொல்லுக்குக் காத்திராமல், மெட்டு கேட்டதுமே எழுந்து போக ஊர் பழகிக்கொண்டது. அங்கேதான் எனக்கு வினை பிடித்தது.

யுத்தம் முடிந்த சமயம், சினிமாக்காரர்கள் அந்த மெட்டை எடுத்து, அழுகையைக் கழுவிவிட்டு, பிடிலும் சலங்கையும் சேர்த்து, இலையைக் கிளியாக்கிவிட்டார்கள். கதாநாயகி கிளியைக் கொஞ்சுகிற குஷியான பாட்டு. அந்த மூன்றாவது பிளேட்டு செஞ்சிக்கு வந்தது காஞ்சிபுரத்திலிருந்து, என் மாமனாராகப் போகிறவரின் மடியில் உட்கார்ந்து. மனுஷர் பிளேட்டுப் பைத்தியம்.

எங்கள் வீட்டில்தான் கல்யாணம். "பொண்ணு மணவறைக்கு வர்றப்ப இதப் போடுய்யா" என்று செட்டுக்காரரிடம் கொடுத்தார். மேலே கிளி என்று அச்சடித்திருந்தது. செட்டுக்காரருக்கு என்ன தெரியும்? முள்ளை வைத்தார்.

மெட்டு கிளம்பியது. பெண் இன்னும் பாதி வழியில் வருகிறாள். எங்கள் சனம் மொத்தமும் எழுந்தது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். முதல் பந்தியை விடாத செட்டுக்காரர், பிளேட்டைச் சுற்றவிட்டு அவர் பின்னால் போனார். இதையெல்லாம் விடுங்கள். நானும் எழுந்துவிட்டேன். மாலையும் கழுத்துமாக, மணையை விட்டு! மனசு கல்யாணத்தில்தான் இருந்தது, கால் கேட்கவில்லை. ஐயர் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "எங்கே ஓய் போறீர்?" என்று உட்காரவைத்தார்.

பெண் வீட்டார் பார்த்துவிட்டார்கள்.

"பொண்ணப் பார்த்ததும் எழுந்து போறாங்களே! இன்னாடி அநியாயம்!" என்று பெண்ணின் அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். மாமனார், "வண்டியக் கட்டுங்கடா! மாப்பிள்ளையே எழுந்துட்டாரு, இன்னும் இன்னா இருக்குது?" என்று கத்தினார்.

கல்யாணம் கையைவிட்டுப் போகிறது. விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். "இலை... கிளி... பசி..." என்று வந்தது.

"மாப்பிள்ளைக்கு வலிப்புடி!" என்றாள் அத்தை.

"இல்ல மாமா! இது ராணி புருஷனக் காணாம அழுவுற பாட்டு மாமா!"

"என் பொண்ணு கல்யாணத்துல ஒப்பாரியா?"

"ஐயோ, எங்க ஊர்ல இது சாப்பாட்டுப் பாட்டு!"

"அழுவுற பாட்டு எப்பிடிய்யா சாப்பாட்டுப் பாட்டாவும்?"

எனக்கு மூளை வேலைசெய்யவில்லை. "பசியில அழுவுறா, மாமா" என்றேன்.

குனிந்திருந்த பெண்ணின் மாலை மட்டும் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரையும் திருப்பிக் கூப்பிடப் பந்திக்கு ஓடிய என் சித்தி மூச்சுவாங்கத் திரும்பி வந்தாள். "இலையில தண்ணி தெளிச்சு உப்பு வெச்சாச்சாம். இலைய வுட்டு எழுந்தா மரியாத இல்லன்னு ஒருத்தரும் வரமாட்டேன்றாங்க."

"முகூர்த்தம் போறது!" என்று ஐயர் பதறினார்.

மாமனார் துண்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். பெண்தான் பேசினாள். "நைனா, அவங்க வரலன்னா நாம போலாம். மணையத் தூக்கினு போனா ஆவாதா?"

ஐயர் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தார், வெயில் ஏறியதைப் பார்த்தார், மணையை அவரே தூக்கினார். குத்துவிளக்கு முன்னால், நாங்கள் பின்னால், உர்ரென்று மாமனார் கடைசியில். இரண்டு வரிசை இலைகளுக்கு நடுவே மணையைப் போட்டார்கள். தவில்காரரும் இலைக்கு முன்னால்தான் இருந்தார். உட்கார்ந்தபடியே கெட்டிமேளம் அடித்தார். அட்சதை எங்கள் தலைக்கு மேல் பறந்து இலைகளில் விழுந்தது. பெரியப்பா தன் இலையில் கிடந்ததை விரலால் நசுக்கிப் பார்த்து, "சோறு இன்னும் வேகல போல இருக்குதே!" என்றார். அதைக் கேட்டு என் மாமனார் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது. பெரியப்பாவுக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தது, மாமனார் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் தாலி கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சு வழுக்கிக்கொண்டே இருந்தது. அவள் தலையை நிமிர்த்தாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இறுக்கிக் கட்டுங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் வெத்தலைக்கு ஒரு பாட்டு இருக்கப்போவுது."