சுறா எண்ணெய் விட்ட பிரேக்

"பிரேக் ஒயர், கியர் ஒயர் ரெண்டும் துருப் புடிக்காது. எண்ணெயே வாணாம்," என்று ராயபுரம் சைக்கிள் கடைக்காரர் என் மகளிடம் சொன்னார். எண்ணெய் என்றதும் சுறா எண்ணெயின் நெடி என் மூக்கில் ஏறியது.

ஐம்பதுகளில் எனக்குப் பதினொரு வயது. கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா தன் மகள் மெர்சிக்கு ஒயர் பிரேக் வைத்த சைக்கிள் கொண்டுவந்தார். தெருவில் மற்ற சைக்கிளுக்கெல்லாம் இரும்புக் கம்பி பிரேக்தான். அவள் மணியடித்துப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கடல்காற்றில் ஒயர் துருவேறியது. "இன்னாடி பண்றது?" என்று என்னிடம் வந்தாள்.

எங்கள் தெருவில் படகுப் பலகைக்குச் சுறா எண்ணெய் பூசுவார்கள். காய்ந்தால் அது பிசினாகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

"படகுக்குப் பூசுற எண்ணெய வுடு. ஒண்ணும் ஆவாது," என்று கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன்.

பத்து நாளில் பிரேக் இறுகிக்கொண்டு சக்கரமே சுற்றவில்லை. அழுதுகொண்டே வந்தாள்.

"எண்ணெய் பத்தல போல கீதுடி. இன்னும் கொஞ்சம் குடு."

கொடுத்தேன்.

"மெர்சி பெரியம்மா பொண்ணும் இந்த ஒயர்தாம்மா போட்டுகிறா," என்றாள் மகள்.

"இத்த வுட நல்லது கீதா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.